எடுக்க முடியும், ஆனா எடுக்கணுமா? நடுக்காது குளோமஸ் கட்டியின் கதை

மருத்துவ வரலாறு வரிசையில இது இன்னொரு எபிசோட். வழக்கம்போல முதல்லயே சொல்லிடறேன்: நான் டாக்டர் கிடையாது, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். இது மருத்துவ ஆலோசனை இல்லை, ஒரு வரலாறு. பேச்சா இருந்ததை வாசிக்க வசதியா கொஞ்சம் சீர்படுத்தித் தந்திருக்கோம்.

இன்னைக்குக் கதாநாயகன் ஒரு கட்டி. நடுக்காதுக்குள்ள வளர்ற கட்டி. ரொம்ப அபூர்வம். ஆனா நடுக்காதுல உண்மையான கட்டின்னு ஒண்ணு வந்தா, அதுல அதிகமா வர்றது இதுதான். பேரு குளோமஸ் கட்டி. இன்றைய மருத்துவப் பெயர் பாராகாங்லியோமா. பெரும்பாலும் இது புற்றுநோய் இல்லை. மெதுவா வளரும். ஆனா அது உட்கார்ந்திருக்கிற இடம் இருக்கே, அதுதான் பிரச்சினை.

இந்தக் கட்டியோட வரலாற்றைப் படிச்சப்போ எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. முதல் நூறு வருஷம் "இது என்ன?"ன்னு கேட்டாங்க. அடுத்த நாற்பது வருஷம் "இதை எப்படி எடுக்கிறது?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் "எடுத்தே ஆகணுமா?"ங்கற கேள்வி வந்துச்சு. மூணாவது கேள்விக்கு வர்றதுக்கு முதல் ரெண்டு கேள்வியையும் கடந்தே ஆகணும். அந்தப் பயணத்தைத்தான் பார்க்கப் போறோம்.

காதுக்குள்ள நாடித் துடிப்பு

முதல்ல நோயாளி பக்கத்துல இருந்து பார்ப்போம். பெரும்பாலும் நடுத்தர வயது, ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஒரு காதுல மட்டும் ஒரு சத்தம். சாதாரணமா சிலருக்குக் காதுல 'ங்ங்' என்று ஒரு இரைச்சல் கேட்குமே, அது இல்லை. இது தாளத்தோட வரும். டப், டப், டப். கையில நாடி பிடிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணாவே ஓடும். தன்னோட இதயத் துடிப்பையே காதுக்குள்ள கேட்கிறாங்க. கொஞ்ச நாள்ல அந்தக் காது மந்தமாகும்.

டாக்டர் காதுக்குள்ள விளக்கடிச்சுப் பார்த்தா, செவிப்பறைக்குப் பின்னால செக்கச்செவேல்னு ஒண்ணு தெரியும். சில சமயம் அதுவும் துடிக்கும். ஏன்னா இந்தக் கட்டி முழுக்க முழுக்க ரத்தக்குழாய்கள்தான். பஞ்சு தண்ணியை உறிஞ்சின மாதிரி ரத்தத்துல ஊறிக் கிடக்கும்.

இப்போ நடுக்காதோட அக்கம்பக்கம் யாருன்னு பார்க்கணும். செவிப்பறைக்குப் பின்னால இருக்கிற அந்தச் சின்ன அறையோட தரைக்குக் கீழே, மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம், மூளையில இருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுவர்ற ஜுகுலர் சிரை. அதோட மேல்முனை குமிழ் மாதிரி இருக்கும். முன்சுவருக்கு அந்தப் பக்கம் மூளைக்கு ரத்தம் கொண்டுபோற கரோடிட் தமனி. உள்சுவர்ல முகநரம்பு. ஜுகுலர் சிரை மண்டை ஓட்டை விட்டு வெளியே வர்ற அதே துளை வழியா இன்னும் மூணு நரம்புகள் வெளியே வருது. விழுங்கறது, பேசறது, தோளைத் தூக்கறது எல்லாம் அந்த மூணு பேர் கையில. இவ்வளவு நெரிசலான தெருவுல வீடு கட்டிக்கிற கட்டி இது.

கண்ணுல பட்டும் கவனிக்கப்படாதது

1818-ல டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூறியலாளர் லுட்விக் யாக்கப்சன் நடுக்காது வழியா ஓடுற ஒரு மெல்லிய நரம்பை விவரிச்சார். இன்னைக்கும் அதுக்கு யாக்கப்சன் நரம்புன்னுதான் பேரு. 1840-ல ஜெர்மன் உடலியலாளர் கேப்ரியல் வாலன்டின், அந்த நரம்போட வழியில ஒரு குட்டி முடிச்சைப் பார்த்தார். நரம்பு முடிச்சுன்னு நினைச்சு அப்படியே பேரும் வச்சார். 1878-ல கிராவுஸ இன்னும் நுணுக்கமா பார்த்து, இது நரம்பு முடிச்சு இல்லை, ரத்தக்குழாய்கள் நிறைஞ்ச ஒரு சுரப்பி மாதிரி இருக்குன்னார்.

அவ்வளவுதான். விஷயம் அங்கேயே நின்னுபோச்சு. உடற்கூறியல் புத்தகத்துல ஒரு மூலையில இருந்த அந்த முடிச்சுக்கும், மருத்துவமனையில காதுல ரத்தக்கட்டியோட வந்து நின்ன நோயாளிகளுக்கும் நடுவுல யாரும் கோடு போடலை. அந்தக் கட்டிகளை எடுத்துப் பார்த்தவங்க ரத்தக்குழாய்க் கட்டின்னு ஏதோ ஒரு பெயரை எழுதி வச்சாங்க. ஆளுக்கு ஒரு பேரு இருந்ததால, இதெல்லாம் ஒரே நோய்னு தெரியவே இல்லை.

இதுக்கிடையில கழுத்துல வேற ஒரு கதை ஓடிட்டிருந்தது. கரோடிட் தமனி ரெண்டாப் பிரியற இடத்துல அரிசி அளவுக்கு ஒரு உறுப்பு இருக்கு. கரோடிட் பாடின்னு பேரு. அது ரத்தத்துல எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்குன்னு சுவைபார்த்து மூளைக்குச் சொல்ற ஒரு சென்சார். தமனிகள்ல இருக்கிற இந்த மாதிரி சென்சார்கள் மூச்சை எப்படிக் கட்டுப்படுத்துதுன்னு நிரூபிச்சதுக்காக பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னெய் ஹெய்மான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைச்சது. அந்த உறுப்புல வர்ற கட்டியையும் நோய்க்குறியியல் நிபுணர்கள் நல்லாவே அடையாளம் கண்டுவச்சிருந்தாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

எண்ணிப் பார்த்த மனிதர்

அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஸ்டேசி கில்டு என்ற உடற்கூறியலாளர் இருந்தார். அவரோட வேலை கேட்கறதுக்கே அலுப்பா இருக்கும். இறந்தவங்களோட காதைச் சுற்றியிருக்கிற பொட்டு எலும்பை எடுத்து, அமிலத்துல ஊறவச்சு சுண்ணாம்பைக் கரைச்சு, மெழுகு மாதிரி ஒரு பொருள்ல பதிச்சு, ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் மெல்லிய சீவல்களா வரிசையாச் சீவி, சாயமேத்தி, ஒவ்வொண்ணா மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். உயிரோட இருந்தப்போ ஒருத்தருக்குக் காது எப்படிக் கேட்டதுங்கற பதிவையும், இறந்த பிறகு காதுக்குள்ள தெரியறதையும் ஒப்பிடறதுதான் அந்த ஆய்வகத்தோட முக்கிய நோக்கம். கட்டியைத் தேடி யாரும் அதைத் தொடங்கலை.

ஆனா ஒழுங்கா, ஒரு சீவலையும் விடாம பார்க்கிறவன் கண்ணுல தேடாததும் படும். ஜுகுலர் சிரையோட குமிழ்மேல, அரை மில்லிமீட்டர் அளவுல, ஒரு குட்டி உருண்டை திரும்பத் திரும்பத் தெரிஞ்சது. உள்ளே நுண்ணிய ரத்தக்குழாய்கள், நடுநடுவுல கொத்துக்கொத்தா செல்கள். பார்க்க அப்படியே கரோடிட் பாடி. 1941-ல கில்டு இதை ஒரு சின்னச் சுருக்கக் குறிப்பா வெளியிட்டார். இதுவரை அடையாளம் காணப்படாத அமைப்புன்னு தலைப்பு. குளோமஸ் ஜுகுலாரிஸ்னு பேரு.

அதோட நிறுத்தலை. 1953-ல விரிவான கட்டுரை வந்தது. 88 பொட்டு எலும்புகளைச் சீவிப் பார்த்து மொத்தம் 248 உருண்டைகளை எண்ணியிருந்தார். சராசரியா ஒரு காதுக்கு மூணுக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட பாதி ஜுகுலர் சிரையை ஒட்டி. மிச்சம் நடுக்காதுக்குப் போற நரம்புகளோட பாதையில. அதாவது இது ஏதோ சிலருக்கு இருக்கிற கோளாறு இல்லை, நம்ம உடம்போட சாதாரண உதிரிபாகம். கேட்டுட்டிருக்கிற உங்க காதுலயும் அநேகமா இருக்கும்.

கோடு போட்டவர்

1945-ல நியூயார்க் காது அறுவை மருத்துவர் ஹாரி ரோசன்வாசர் ஒரு கட்டுரை போட்டார். ஒரு நோயாளியோட நடுக்காதுல இருந்தும் அதுக்குப் பின்னாலிருக்கிற மாஸ்டாய்டு எலும்புல இருந்தும் அவர் எடுத்த கட்டி, மைக்ராஸ்கோப்ல பார்த்தா கரோடிட் பாடி கட்டி மாதிரியே இருந்தது. கழுத்துல இருக்க வேண்டிய கட்டி காதுக்குள்ள எப்படி வந்தது? கில்டு சொன்ன அந்தக் குட்டி உருண்டையில இருந்துதான் வந்திருக்கணும். கோடு போட்டாச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். பேரு கிடைச்ச உடனே, உலகம் முழுக்க மருத்துவர்கள் பழைய ஃபைல்களைத் தூசு தட்டினாங்க. பல வருஷத்துக்கு முன்னால வேற ஏதோ பெயர்ல எழுதி வச்ச கட்டிகளெல்லாம் இதேதான்னு தெரிய வந்தது. நோய் புதுசு இல்லை, பேருதான் புதுசு.

ஒரு சின்ன வேடிக்கை: குளோமஸ்ங்கற பேரே தப்பு. நகத்துக்கு அடியில வர்ற வலிமிக்க கட்டி ஒண்ணு இருக்கு, அதுவும் குளோமஸ் கட்டிதான். ஆனா ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரியான பேரு பாராகாங்லியோமா. ஆனாலும் காது மருத்துவர்கள் வாயில இன்னும் பழைய பேருதான் வருது.

ரத்தத்தைப் பார்த்துப் பயந்த காலம்

இப்போ ரெண்டாவது கேள்வி. இதை எப்படி எடுக்கிறது?

ஆரம்பத்துல நடந்தது பெரும்பாலும் இப்படித்தான்: காதுல சிவப்பா ஏதோ தொங்குது, சதை வளர்ச்சி போலிருக்குன்னு நினைச்சு ஒரு துணுக்கு கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பப் பார்ப்பாங்க. கிள்ளின உடனே ரத்தம் பீறிடும். துணியை அடைச்சு நிறுத்திட்டு வெளியே வரவேண்டியதுதான். அறுவைக்குப் போனாலும் அதே கதை. பாதியில கைவிட்ட ஆபரேஷன்கள் நிறைய.

அதனால கிள்ளாமலே கண்டுபிடிக்கிற வழிகள் தேவைப்பட்டது. 1953-ல லெஸ்டர் பிரவுன் ஒரு எளிமையான அடையாளம் சொன்னார். காதுக்குள்ள காற்றை மெதுவா அழுத்தற ஒரு கருவி ஏற்கெனவே மருத்துவர்கள்கிட்ட இருந்தது. அதை வச்சு அழுத்தத்தைக் கூட்டினா, அந்தச் சிவப்புக் கட்டி முதல்ல பலமாத் துடிக்கும், அப்புறம் வெளுத்துப்போகும். அழுத்தத்தை விட்டா மறுபடி சிவக்கும். ஊசி இல்லை, கத்தி இல்லை. இன்னைக்கும் மாணவர்கள் இதை பிரவுன் அடையாளம்னு படிக்கிறாங்க.

மூணு பக்கத்துல இருந்து உதவி வந்தது. முதலாவது, மைக்ராஸ்கோப். ஸ்டாக்ஹோம்ல கார்ல் நைலன் 1921-லயே காது ஆபரேஷனுக்கு ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தினார். அடுத்த வருஷமே குன்னார் ஹோல்ம்கிரென் இரட்டைக்கண் கருவிக்குப் போனார். 1953-ல ஸைஸ் கம்பெனியோட கருவி சந்தைக்கு வந்த பிறகு இது உலகம் முழுக்கப் பரவுச்சு. ரெண்டாவது, படம் எடுக்கிற தொழில்நுட்பம். 1970-கள்ல சிடி ஸ்கேன் வந்தது. கட்டி நடுக்காதுக்குள்ள மட்டும் இருக்கா, இல்லை தரையை அரிச்சு ஜுகுலர் சிரையில இருந்து மேலே வந்திருக்கான்னு முன்கூட்டியே தெரிஞ்சது. பின்னால வந்த எம்ஆர்ஐ படத்துல இந்தக் கட்டிக்குன்னே ஒரு முகம் இருக்கு: வெள்ளையும் கறுப்புமா புள்ளிகள், உப்பும் மிளகும் தூவின மாதிரி. மூணாவது, ரத்த வரவை அடைக்கிறது. தொடையில இருக்கிற தமனி வழியா மெல்லிய குழாயைக் கழுத்து வரைக்கும் செலுத்தி, கட்டிக்குப் போற கிளைகளை நுண்துகள்களால அடைச்சிடறது. 1970-கள்ல தொடங்கின இந்த முறையை ஆபரேஷனுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னால செய்வாங்க. தோட்டத்துல வேலை செய்யறதுக்கு முன்னால வாய்க்காலை அடைக்கிற மாதிரி.

இதெல்லாம் சேர்ந்த இடத்துல வந்தவர்தான் சூரிச் நகரத்து உகோ ஃபிஷ். 1970-களோட பிற்பகுதியில, காதுக்குக் கீழே மண்டை ஓட்டின் அடிப்பகுதிக்குப் போற ஒரு புதுப் பாதையை அவர் விவரிச்சார். வழியில குறுக்கே நிக்கிறது முகநரம்பு. ஃபிஷ் அதை அதோட எலும்புக் குழாயில இருந்து முழுசா வெளியே எடுத்து, முன்பக்கமா நகர்த்தி வச்சார். காதுத் துவாரத்தைத் தைச்சு மூடினார். கரோடிட் தமனியைக் கண்ணால பார்த்துக்கிட்டே வேலை செய்ய முடிஞ்சது. தொடவே முடியாதுன்னு ஒதுக்கின பெரிய கட்டிகளையும் இப்போ முழுசா எடுக்க முடிஞ்சது. நடுக்காதோட நிக்கிறது ஒரு வகை, மூளைப் பெட்டிக்குள்ள நுழையறது கடைசி வகைன்னு நாலு வகையா அவர் பிரிச்ச வரிசையை இன்னைக்கும் பயன்படுத்தறாங்க.

உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனா இங்கதான் விலைப்பட்டியலையும் படிக்கணும்.

வென்ற பிறகு வந்த கணக்கு

காதுத் துவாரத்தை மூடினா அந்தக் காது சரியாக் கேட்காது. நகர்த்தின முகநரம்பு திரும்ப இயங்க மாசக்கணக்காகும், சிலருக்கு முழுசாத் திரும்பாது. பெரிய கட்டியோட சேர்ந்து அந்த மூணு நரம்புகளும் அடிபட்டா, குரல் கம்மிப்போகும், தண்ணி குடிச்சாப் புரையேறும். இளவயசுக்காரங்க பழகிக்குவாங்க. எழுபது வயசுக்காரருக்கு அந்தப் புரையேறுதலே நுரையீரல் தொற்றாகி உயிருக்கு ஆபத்தாகலாம்.

காதுல ஒரு டப்டப் சத்தத்தோட உள்ளே போனவர், சாப்பாடு விழுங்க முடியாம வெளியே வந்தா, அதுக்கு வெற்றின்னு பேரு வைக்கலாமா? கட்டி முழுசாப் போயிடுச்சுங்கறது ஸ்கேனுக்கு வெற்றி. நோயாளிக்கு?

இன்னொரு பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை. இதை ஆரம்பத்துல இருந்தே சிலர் கொடுத்துட்டிருந்தாங்க. கதிர்வீச்சுக்குப் பிறகு எடுத்துப் பார்த்த கட்டிகள்ல உயிருள்ள செல்கள் இன்னும் இருந்தது. 'பாருங்க, கட்டி சாகலை, சிகிச்சை தோல்வி'ன்னு அறுவை மருத்துவர்கள் சொன்னாங்க. 'ஆனா வளரலையே, நோயாளி நல்லா இருக்காரே'ன்னு கதிர்வீச்சு மருத்துவர்கள் பதில் சொன்னாங்க. பல வருஷம் ஓடின சண்டை இது. கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா, அவங்க சண்டை போட்டது கட்டியைப் பத்தி இல்லை, குணம்ங்கற சொல்லுக்கு என்ன அர்த்தம்ங்கறதைப் பத்தி.

ஸ்வீடன்ல லார்ஸ் லெக்செல் உருவாக்கி, 1968-ல முதல்முறையா நோயாளிகளுக்குப் பயன்படுத்தின காமா நைஃப், பின்னால இந்தக் கட்டிகளுக்கும் வந்தது. நிறைய மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில சந்திக்கும். சுத்தியிருக்கிற திசுவுக்குப் பாதிப்பு குறைவு. கட்டி மறையாது. ஆனா பத்துல ஒன்பது பேருக்கு மேல வளர்ச்சி நின்னுபோகுதுன்னு ஆய்வுகள் காட்டுது.

அப்பா வழி மட்டும்

மூணாவது கேள்விக்கான பதில்ல பெரும்பங்கு நெதர்லாந்துல இருந்து வந்தது. அங்கே சில குடும்பங்கள்ல இந்தக் கட்டிகள் தலைமுறை தலைமுறையா வந்தது. லெய்டன் நகரத்து மருத்துவர் வான் டெர் மே குழு அந்தக் குடும்ப மரங்களை வரைஞ்சு பார்த்தப்போ விநோதமான ஒழுங்கு தெரிஞ்சது. நோய் வந்தவங்க எல்லாரும் அதை அப்பா வழியாத்தான் வாங்கியிருந்தாங்க. அம்மாகிட்ட இருந்து அந்த மரபணு வந்தா நோய் வரலை. ஆனா அப்படி அம்மாகிட்ட வாங்கின மகன், அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தா அவங்களுக்கு வரலாம். அதனாலதான் ஒரு தலைமுறையில காணாமப்போய் அடுத்த தலைமுறையில எட்டிப்பார்த்தது. 1989-ல லான்செட் இதழ்ல இது வெளியாச்சு.

2000-ல பிட்ஸ்பர்க் நகரத்து போரா பைசலும், லெய்டன் குழுவும் சேர்ந்து அந்த மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. எஸ்டிஹெச்டின்னு பேரு. செல்லுக்குள்ள ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி சக்தி தயாரிக்கிற இயந்திரத்துல ஒரு பாகத்தைச் செய்யற மரபணு அது. அது பழுதானா, ஆக்ஸிஜன் தாராளமா இருந்தாலும் செல்லுக்குப் பற்றாக்குறை இருக்கிற மாதிரியே சிக்னல் போகும். செல் பெருகும், ரத்தக்குழாய்களை வரவழைக்கும். தமிழ்ல சொன்னா, பசி இல்லாத வயித்துக்குப் பொய்ப்பசி.

இப்போ பழைய துண்டுகளெல்லாம் ஒண்ணு சேருது. ஆக்ஸிஜன் சென்சாரான கரோடிட் பாடி. ஆண்டீஸ் மலை உயரத்துல, ஆக்ஸிஜன் குறைஞ்ச இடத்துல வாழறவங்களுக்கு கரோடிட் பாடி கட்டிகள் அதிகம்னு முன்னாலயே கவனிச்சிருந்தாங்க. 1938 நோபல் பரிசும், கில்டு எண்ணின உருண்டைகளும், டச்சுக் குடும்பங்களும் ஒரே நூல்ல கோர்த்த மணிகள்.

லெய்டன் குழு இன்னொரு எளிமையான வேலையும் செஞ்சது. சிகிச்சை கொடுக்காம விட்ட கட்டிகளை வருஷாவருஷம் ஸ்கேன்ல அளந்து பார்த்தாங்க. 2000-ல வெளியான முடிவு: நடுமதிப்பா வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி. இரட்டிப்பாக நாலு வருஷத்துக்கு மேல. சிலது வளரவே இல்லை. காத்திருந்து பார்க்கிறதும் ஒரு சிகிச்சைமுறைதான்னு சொல்றதுக்கு இப்போ கையில எண்கள் வந்தது.

இன்னைக்கு

இன்னைக்கு எப்படி முடிவெடுக்கிறாங்க? நடுக்காதுக்குள்ள மட்டும் இருக்கிற சின்னக் கட்டின்னா, ஆபரேஷன்தான் இப்பவும் நல்ல வழி. பெரும்பாலும் முழுசா எடுத்துடலாம், கேட்கும் திறனையும் காப்பாத்தலாம். ஜுகுலர் சிரையில இருந்து வளர்ந்த பெரிய கட்டின்னா, வயசு, நரம்புகளோட நிலை, வளர்ற வேகம் எல்லாம் பார்த்து, கதிர்வீச்சா, காத்திருப்பா, ஒரு பகுதியை மட்டும் எடுத்து நரம்பை விட்டுவைக்கிறதான்னு கூடிப் பேசி முடிவெடுப்பாங்க. ஒரு சில கட்டிகள் ரத்த அழுத்தத்தை ஏத்தற ஹார்மோன் சுரக்கும்; மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னால அதைச் சோதிக்கணும். மரபணுச் சோதனையும் உண்டு. குடும்பத்துல மத்தவங்களுக்கும் அது எச்சரிக்கை மணி.

புற்றுநோய் இல்லைங்கற சொல்கூட மாறிடுச்சு. இந்த வகைக் கட்டிகள் எல்லாத்துக்குமே பரவற வாய்ப்பு கொஞ்சமாவது உண்டு, அதனால சாதுவானது, கொடியதுன்னு ரெண்டாப் பிரிக்க வேண்டாம்னு 2017-ல உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாடு சொல்லிடுச்சு. காதுல வர்றது பரவறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனாலும் நல்ல கட்டி, கெட்ட கட்டின்னு முத்திரை குத்தறதைவிட, இது எங்கே இருக்கு, எவ்வளவு வேகமா நகருதுன்னு கேட்கிறதுதான் பயனுள்ள கேள்வி.

இந்தக் கதையில கில்டு, ரோசன்வாசர், ஃபிஷ், லெய்டன்காரங்க எல்லாருமே அவசியம். முழுசா எடுக்கத் தெரிஞ்ச கைக்குத்தான், வேண்டாம்னு சொல்றதுக்கு மரியாதை உண்டு. எடுக்கத் தெரியாததால விட்டுவைக்கிறது வேற, எடுக்க முடிஞ்சும் யோசிச்சு விட்டுவைக்கிறது வேற. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். நடுவுல எண்பது வருஷ உழைப்பு இருக்கு.

கடைசியா ஒண்ணு. காதுல நாடியோட சேர்ந்து துடிக்கிற சத்தம் வந்தா அது இந்தக் கட்டிதான்னு பயப்படாதீங்க. அதுக்கு வேற காரணங்கள் நிறைய உண்டு. ஆனா அலட்சியமும் வேண்டாம். ஒரே காதுல, நாடியோட தாளத்துல, தொடர்ந்து கேட்டா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டிடுங்க. 'சும்மா இரைச்சல்'னு சொல்லாம, தாளத்தோட வருதுன்னு அவர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அந்த ஒரு விவரம் போதும், அவர் தேடற திசையே மாறும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.